படிக்க மட்டும்தானே திறந்தேன்? ஹைபர்னேட் செய்த கணினியின் வட்டைத் தொடலாமா

கேள்வி
2024 பிப்ரவரி 11, ஞாயிறு, மாலை 6.15

என் மடிக்கணினியில் விண்டோஸ் 11, லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை இரவு லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை வேறொரு லினக்ஸ் வெளியீட்டைச் சோதிப்பதற்காக லைவ் பென்டிரைவில் (வட்டில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) கணினியைத் தொடங்கினேன். அப்போது அவசரமாக ஒரு பிடிஎஃப் தேவைப்பட்டதால், உள்வட்டில் லினக்ஸ் இருக்கும் பகுதியை, அதாவது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை கொண்ட பார்டிஷனைப் ‘படிக்க மட்டும்’ என்ற விருப்பத்துடன் மவுண்ட் செய்து (கோப்புகளை அணுகும்படி இணைத்து), அந்த ஒரு கோப்பை நகலெடுத்துக்கொண்டு, முறையாக அன்மவுண்டும் செய்தேன். பிறகு லினக்ஸ் வழக்கம்போல் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொண்டது. இன்று மாலை ஒரு கோப்புறை திறக்க மறுக்கிறது. எதையும் சேமிக்க முடியவில்லை. பார்டிஷன் முழுவதும் தானாகவே படிக்க மட்டும் என்று மாறிவிட்டது. ஒரு பைட்கூட எழுதாத வட்டு எப்படிக் கெடும்? எஸ்எஸ்டி பழுதாகிவிட்டது என்றே நினைக்கிறேன். படிப்பதால் கோப்பு முறைமை கெடாது என்பது சரிதானே?

பதில்
பிப்ரவரி 11, இரவு 9.40

சரியில்லை. எக்ஸ்ட்4 பார்டிஷனைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும், அது முறையாக மூடப்படாத நிலையில் இருந்தால், ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) நிலுவையில் உள்ளவற்றை லினக்ஸின் மையமான கர்னல் முதலில் வட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் உங்களுக்குப் படிக்கக் கொடுக்கும். ‘படிக்க மட்டும்’ என்பது பயனருக்கு விதிக்கப்பட்ட தடை. கோப்பு முறைமை தனக்குத் தானே விதித்துக்கொண்ட தடை அல்ல. எக்ஸ்ட்4 ஆவணத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை, நானும் அடிபட்ட பிறகுதான் படித்தேன்.

ஹைபர்னேட் செய்த பார்டிஷன் எப்போதுமே முறையாக மூடப்படாத பார்டிஷன்தான். ஹைபர்னேட் என்பது அணைப்பது அல்ல. நினைவகத்தை ஒரு படிமமாக வட்டின் ஸ்வாப் என்ற ஒதுக்கிடத்தில் எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்துகிறோம், அவ்வளவுதான். அந்தப் படிமத்துக்குள் உறங்கும் கர்னலின் கணக்கில் உங்கள் பார்டிஷன் இன்னும் மவுண்ட் செய்யப்பட்டே இருக்கிறது. எந்த பிளாக் (வட்டின் சிறு துண்டு) காலி, எந்தக் கோப்பு எங்கே, ஜர்னல் எதுவரை எழுதப்பட்டது என்ற விவரமெல்லாம் அதன் தலைக்குள் இருக்கின்றன. கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போன கணக்குப்பிள்ளை, பேரேட்டில் 40ஆம் பக்கம் வெற்றுத்தாள் என்று மனத்தில் வைத்திருக்கிறார். இடையில் வேறொருவர் வந்து அதே பக்கத்தில் எதையோ எழுதிவிட்டுப் போகிறார். திரும்பி வந்தவர் பேரேட்டைப் புரட்டிப் பார்க்காமலேயே 40ஆம் பக்கத்தில் எழுதத் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் பூட்டியது அவர்தான்.

இப்போது செய்ய வேண்டியது: மீண்டும் ஹைபர்னேட் செய்யாதீர்கள். திறக்க முடிகிற கோப்புகளை வெளிவட்டுக்கு நகலெடுங்கள். பிறகு லைவ் பென்டிரைவில் தொடங்கி, பார்டிஷனை மவுண்ட் செய்யாமலேயே, கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுங்கள்.

பிப்ரவரி 11, இரவு 10.05

எஸ்எஸ்டியைக் குப்பையில் போடுவதற்கு முன் அது தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தையும் கர்னல் பதிவையும் பாருங்கள். வட்டுப் பழுது என்றால் படிப்பு, எழுத்துப் பிழைகள் வட்டின் பெயரோடு வரும். ‘எக்ஸ்ட்4-எஃப்எஸ் எரர்’ என்று மட்டும் வந்தால் வட்டு சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, சொன்னவர்கள்தான் இருவர், இரண்டு கர்னல்கள்.

பிப்ரவரி 12, திங்கள், காலை 7.20

இரவு எழுதியதில் ஒரு திருத்தம் தேவை. ஜர்னலைத் திரும்ப ஓட்டியதுதான் சேதத்துக்குக் காரணம் என்ற தொனியில் எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது மட்டும் இவ்வளவு கேடு செய்திருக்காது. ஹைபர்னேட்டுக்கு முன் கர்னல் சிங்க் செய்கிறது, அதாவது எழுதாமல் தேங்கியவற்றை வட்டில் எழுதிவிடுகிறது. ஜர்னலில் உள்ளவை உறங்கும் கர்னலுக்கும் தெரிந்த மாற்றங்கள்தாம். அவற்றை இன்னொருவர் எழுதினாலும் அதே இடத்தில் அதே எழுத்துத்தான் விழும். ஜர்னலின் தொடக்கம், முடிவு பற்றிய கணக்கு பிசகும். அதன் பிறகு மின்தடை வந்தால் ஆபத்து. ஆனால் உங்கள் வீட்டில் மின்தடை எதுவும் நேரவில்லையே.

நான் சந்தேகப்படுவது அநாதை ஐநோடுகளை (ஐநோடு என்பது ஒரு கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு). ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை யாராவது அழித்தால் பெயர் மட்டும் உடனே போய்விடும். உள்ளடக்கமோ அந்த நிரல் மூடும் வரை வட்டில் இருக்கும். அப்படிப்பட்டவற்றைக் கோப்பு முறைமை அநாதைப் பட்டியலில் குறித்து வைக்கிறது. கணினி திடீரென்று அணைந்துபோனால் அடுத்த மவுண்டின்போது அந்தப் பட்டியலில் உள்ளவற்றை விடுவித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லைவ் பென்டிரைவின் கர்னலுக்கு, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருப்பவர் செத்துப்போனாரா, தூங்குகிறாரா என்று தெரியாது. படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் அது இந்த வேலையைச் செய்யும். அந்த நேரத்துக்கு மட்டும் படிக்க மட்டும் என்ற கொடியை இறக்கிவைத்துக்கொள்ளும். பதிவில் ‘ஆர்ஃபன் கிளீனப் ஆன் ரீட்ஒன்லி எஃப்எஸ்’ என்று ஒரு வரி வந்திருக்க வேண்டும். லைவ் அமர்வின் பதிவு இப்போது கிடைக்காது என்பது தெரியும்.

ஒன்று கேட்கிறேன்: வெள்ளிக்கிழமை ஹைபர்னேட் செய்வதற்கு முன் மென்பொருள் புதுப்பிப்பு ஏதாவது ஓட்டினீர்களா?

பிப்ரவரி 13, செவ்வாய், இரவு 8.50

கேட்டவர் பதில் சொல்லிவிட்டார்: வெள்ளி மாலை இருநூறுக்கும் மேற்பட்ட தொகுப்புகளைப் புதுப்பித்திருக்கிறார், மறுதொடக்கம் செய்யவில்லை, பிரவுசரும் திறந்தே இருந்திருக்கிறது. அப்படியானால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

புதுப்பிப்பின்போது நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பழைய லைப்ரரிகள் அழிக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே வெள்ளி இரவு அந்தப் பார்டிஷனில் ஓர் அநாதை இல்லமே இருந்திருக்கிறது. சனிக்கிழமை லைவ் கர்னல் அத்தனையையும் விடுவித்து, அவை இருந்த பிளாக்குகளைக் காலி என்று, காலியிடக் கணக்கான பிட்மேப்பில் குறித்தது. பிறகு உறங்கிய கர்னல் எழுந்தது.

இங்கேதான் விஷயம் நுட்பமாகிறது. எழுந்த கர்னலின் நினைவகத்தில் எல்லா பிட்மேப்பும் அப்படியே இருந்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். அது தன் பழைய கணக்கையே வட்டின் மேல் எழுதி, நடந்ததை நடக்காததாக ஆக்கியிருக்கும். ஆனால் ஹைபர்னேட் செய்யும்போது படிமம் சிறிதாக இருப்பதற்காகக் கர்னல் தன் கேஷின், அதாவது வட்டிலிருந்து படித்து நினைவகத்தில் வைத்த பிரதிகளின், ஒரு பகுதியைக் கைவிடுகிறது. படிமத்தின் அளவுக்கு இயல்பான இலக்கு நினைவகத்தின் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே எழுந்த பிறகு சில பிட்மேப்புகள் தலைக்குள் பழையவையாக இருக்கின்றன. சிலவற்றை வட்டிலிருந்து புதிதாகப் படிக்கிறது. பாதி வெள்ளிக்கிழமை, பாதி சனிக்கிழமை. சனிக்கிழமைப் பாதியில் காலி என்று இருக்கும் பிளாக்குகளை ஒரு புதிய கோப்புக்குக் கொடுக்கிறது. அதே பிளாக்குகளைப் பிரவுசர் இன்னும் தன்னுடையது என்று பிடித்திருக்கிறது. ஞாயிறு மாலை பிரவுசரை மூடியதும், அந்த பிளாக்குகள் இரண்டாம் முறை விடுவிக்கப்படுகின்றன. இப்போது புதிய கோப்பு உட்கார்ந்திருக்கும் இடம் காலி என்று கணக்கில் ஏறிவிட்டது. ‘பிட் ஆல்ரெடி கிளியர்டு’ என்ற சொற்கள் உங்கள் பதிவில் இருந்தால் நான் சொல்வது இதுதான்.

சனிக்கிழமை ஒன்றும் ஆகாமல் இருந்து ஞாயிறு மாலை கெட்டது ஏன் என்பதற்கும் இதுவே விடை. உடனே கெட்டிருந்தால் நீங்களே லைவ் பென்டிரைவைச் சந்தேகித்திருப்பீர்கள்.

பிப்ரவரி 13, இரவு 11.30

அப்படியானால் ஹைபர்னேட் செய்த வட்டிலிருந்து ஒரு கோப்பை எடுக்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறார். முடியும். முதலில் பிளாக்டெவ் கட்டளையால் பார்டிஷனையே, கோப்பு முறைமைக்கும் கீழே உள்ள அடுக்கில், எழுதத் தடை செய்ய வேண்டும். பிறகு படிக்க மட்டும் என்பதோடு, ஜர்னலை ஓட்டாமல் விடும் நோலோட் என்ற விருப்பத்தையும் சேர்த்து மவுண்ட் செய்ய வேண்டும். முதலாவது மட்டும் போதாது: ஜர்னலை ஓட்ட எழுத்துரிமை இல்லை, நோலோட் போட்டுப் பாருங்கள் என்று சொல்லி மவுண்ட் மறுக்கப்படும். இரண்டாவது மட்டுமே போதும் என்று ஆவணம் சொல்கிறது. நான் இரண்டையும் செய்வேன். பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதைப் போல.

இப்படி மவுண்ட் செய்தால் ஜர்னலில் உள்ள புதிய மாற்றங்கள் தெரியாமல் போகலாம். ஒரு கோப்புறை குழம்பித் தெரியலாம். பிடிஎஃப் ஒன்றை எடுக்க அது போதும்.

பிப்ரவரி 15, வியாழன், இரவு 9.15

கர்னல் இதைச் சரிபார்க்கக் கூடாதா, எழுந்தவுடன் வட்டை யாராவது தொட்டார்களா என்று பார்க்க என்ன கேடு என்று இன்னொருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. கோப்பு முறைமை மவுண்ட் செய்யும்போது தன் முகப்பு விவரமான சூப்பர்பிளாக்கைப் படிக்கிறது. அதன் பிறகு வட்டில் இருப்பதெல்லாம் தான் எழுதியதே என்ற நம்பிக்கையில்தான் அதன் கட்டடம் முழுவதும் நிற்கிறது. எக்ஸ்ட்4ஐப் பொறுத்தவரை நீ தூங்கி எழுந்தாய், ஒருமுறை பார்த்துக்கொள் என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லை.

பாதுகாப்பு வேறு ஓர் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, ஸ்வாப்பின் முகப்பில். ஸ்வாப் பார்டிஷனின் முதல் 4096 பைட் பக்கத்தின் கடைசி 10 பைட்டில் ‘ஸ்வாப்ஸ்பேஸ்2’ என்ற முத்திரை இருக்கும். ஹைபர்னேட் படிமத்தை எழுதியபின் கர்னல் அதை ‘எஸ்1சஸ்பெண்ட்’ என்று மாற்றிவிடுகிறது. அந்த நிலையில் பார்டிஷன்களின் வகையைக் காட்டும் பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டினால் வகை என்ற இடத்தில் ஸ்வாப் என்று வராமல் எஸ்டபிள்யூசஸ்பெண்ட் என்று வரும். லைவ் பென்டிரைவில் எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்ப்பது என் பழக்கம். மீட்டெடுக்கும்போது கர்னல், படிமத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே பழைய முத்திரையைத் திரும்ப வைத்துவிடுகிறது. இடையில் மீட்பு தோற்றாலும் அதே படிமத்தை இரண்டாம் முறை எழுப்ப முடியாது. முத்திரை மாறியிருக்கும் வரை வேறொரு லினக்ஸ் அந்த ஸ்வாப்பைப் பயன்படுத்த முயன்றால், ஸ்வாப்பை இயக்கும் ஸ்வாப்ஆன் மறுத்துவிடும். ஆகவே படிமம் பத்திரமாக இருக்கும்.

பிப்ரவரி 16, வெள்ளி, காலை 6.50

மேலே உள்ள கடைசி இரண்டு வாக்கியங்களும் தவறு. கர்னலின் ஸ்வாப்ஆன் அழைப்பு மறுக்கும் என்பது உண்மை. ஆனால் நாம் ஓட்டும் ஸ்வாப்ஆன் கட்டளை அதற்கு முன்பே சஸ்பெண்ட் முத்திரையைக் கண்டு, அதை அழித்து, சாதாரண ஸ்வாப் முத்திரையை எழுதிவிடுகிறது. கையேட்டிலேயே காரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள்: அப்படிச் செய்யாவிட்டால் பின்னொரு நாள் யாராவது அந்தப் பழைய படிமத்தை எழுப்பித் தரவைக் கெடுத்துவிடுவார்கள்.

முதலில் எரிச்சலாக இருந்தது: என் படிமத்தை அழிக்க அது யார்? பிறகு யோசித்தால் அதுதான் சரி. படிமம் போனால் இழப்பது சேமிக்காத ஒரு கடிதம், திறந்திருந்த தாவல்கள். அதாவது ஒரு மின்தடையின் அளவுக்கு நஷ்டம். கோப்பு முறைமை அதற்காகவே ஜர்னல் வைத்திருக்கிறது. வட்டு மாறிய பிறகு பழைய படிமத்தை எழுப்பினால் என்ன போகும் என்பதற்கு எல்லையே கிடையாது. சந்தேகம் வந்தால் படிமத்தைத் தூக்கி எறியலாம்; பூட் வரியில் நோரெஸ்யூம் என்று சேர்த்தால் போதும், கர்னல் படிமத்தைத் தொடாது, பின்னர் ஸ்வாப்ஆன் அதை ஒழித்துவிடும்.

பிப்ரவரி 18, ஞாயிறு, பிற்பகல் 3.10

அடிபட்ட பிறகுதான் படித்தேன் என்று முதல் நாள் எழுதியது என்ன கதை என்று கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதானே, சொல்லிவிடுகிறேன்.

2019இல் என்னிடம் இருந்த மடிக்கணினியில் டிவிடி இயக்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் கேடி என்ற சட்டத்தில் இரண்டாவது வட்டைப் பொருத்தியிருந்தேன். எஸ்எஸ்டியில் இடம் குறைவு என்பதால் ஸ்வாப்பை அந்த இரண்டாம் வட்டில் வைத்தது என் புத்திசாலித்தனம். கேடியைப் பிடித்திருக்கும் திருகு எங்கோ விழுந்து தொலைந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை ஹைபர்னேட் செய்து பையில் வைத்தேன். வெள்ளி காலை பூட் ஆகும்போது கறுப்புத் திரையில் சிறிது நேரம் நின்றது. சஸ்பெண்ட், ரெஸ்யூம் கருவிக்காகக் காத்திருந்து கைவிட்டேன் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. பிறகு ஸ்வாப்புக்காக ஒன்றரை நிமிடக் கணக்கு ஓடியது. கடைசியில் புதிதாகத் தொடங்கிய திரை வந்தது. பையில் ஆடியதில் கேடி நழுவியிருக்கும், நேற்றைய அமர்வு போய்விட்டது, போகட்டும் என்று வேலையைத் தொடங்கினேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வேலை செய்தேன். ஒரு நூலின் மெய்ப்புத் திருத்தம்; ஏறக்குறைய நூற்றிருபது பக்கம். திங்கள் காலை பழைய பெட்டி ஒன்றில் சரியான திருகு கிடைத்தது. மகிழ்ச்சியோடு கேடியை இறுக்கினேன்.

கணினியைத் திறந்தபோது வியாழக்கிழமை எழுந்து வந்தது. மேலே இருந்த கடிகாரம் வியாழன் மாலை 6.42 என்று காட்டி, ஒரு கணத்தில் திங்கள் காலைக்குத் தாவியது. எடிட்டரில் வியாழன் மாலை விட்ட அதே வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. முதல் அரை நிமிடம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நான் மகிழ்ந்தேன். போய்விட்டது என்று நினைத்த அமர்வு திரும்பி வந்துவிட்டதே!

பிறகு மெய்ப்புக் கோப்புறையைத் திறந்தேன். அதில் வியாழன் வரையிலான கோப்புகள் மட்டும் இருந்தன.

அந்த இடத்தில் நான் செய்தது ஒரு பெரிய முட்டாள்தனம். என்ன நடந்தது என்று பார்க்கலாம் என்று டெர்மினலைத் திறந்து தேடினேன். பிரவுசரில் அதைப் பற்றிப் படித்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். எக்ஸ்ட்4 இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை தன் ஜர்னலை முடித்து எழுதும். அந்தப் பத்து நிமிடமும் வியாழக்கிழமைக் கர்னல், தன் கணக்கில் காலி என்றிருந்த பிளாக்குகளில், அதாவது என் வெள்ளி, சனி, ஞாயிறின் மேல், பிரவுசரின் கேஷை எழுதிக்கொண்டிருந்தது. கோப்புறையில் தவறான பதிவு என்று ஒரு பிழை வந்து பார்டிஷன் படிக்க மட்டும் என்று மாறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்போதும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. முறையாக ஷட்டவுன் கொடுத்தேன். லைவ் பென்டிரைவில் சூப்பர்பிளாக்கைப் பார்த்தபோது, கடைசியாக மவுண்ட் செய்த நேரம் என்ற இடத்தில் வியாழனுக்கும் முந்தைய ஒரு தேதி இருந்தது. வெள்ளிக்கிழமை பூட் நடந்ததற்கான தடயத்தையே அது அழித்துவிட்டிருந்தது. எஃப்எஸ்சிகே ஒரே பிளாக்குக்கு இருவர் உரிமை கோருகிறார்கள் என்ற பொருளில் பக்கம் பக்கமாக எழுதியது. மீட்டவற்றை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் கோப்புறையில் பெயரிழந்து எண்ணாகிப்போன கோப்புகள் நானூறுக்கு மேல். அவற்றில் தமிழ் எழுத்துகள் உள்ளவற்றைத் தேடிப் பிரித்ததில் எழுபது பக்கம்போல் மீண்டது. மீதியை மறுபடி திருத்தினேன்.

பிப்ரவரி 18, மாலை 5.45

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் எனக்குக் கற்றுத் தந்தது இதற்கு நேர்மாறு. எழக் கூடாத படிமம் எழுந்துவிட்டது என்று தெரிந்த அந்த நொடியில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். முறையாக மூடினால், எழுந்த கர்னல் தன் பழைய கணக்கையெல்லாம் நேர்மையாக வட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் போகும்.

பிப்ரவரி 19, திங்கள், காலை 7.05

ஸ்வாப்ஆன் பழைய படிமத்தை ஒழித்துவிடும் என்று 16ஆம் தேதி ஆறுதல் சொன்னதற்கும் நேற்றைய கதைக்கும் முரண்பாடு இல்லையா என்று ஒருவர் பிடித்துவிட்டார். முரண்பாடு இல்லை, ஓட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஸ்வாப் வட்டே கண்ணில் படவில்லை. கண்ணில் படாத வட்டில் முத்திரையை யார் மாற்றுவது? படிமமும் கோப்பு முறைமையும் வெவ்வேறு வட்டில் இருந்தால் இந்த ஓட்டையை அடைக்க வழியில்லை. ஒரே வட்டில் வையுங்கள்; இரண்டும் சேர்ந்து வரும், இல்லாவிட்டால் சேர்ந்தே காணாமல் போகும்.

பிப்ரவரி 25, ஞாயிறு, இரவு 8.20

விண்டோஸ் பக்கம். “நான் ஹைபர்னேட் செய்வதே இல்லை, ஷட்டவுன்தான் செய்கிறேன், ஆனாலும் லினக்ஸ் என் டி டிரைவைத் திறக்க மறுக்கிறது” என்பது இரட்டை பூட் வைத்திருப்பவர்களின் நிலையான புலம்பல். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது பாதி ஹைபர்னேட். பயனரை வெளியேற்றிவிட்டு, கர்னலை மட்டும் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதிவிட்டு அணைகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்டிஷன்கள் மவுண்ட் ஆனபடியே உறங்குகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால் இப்படி நடப்பதில்லை, முழுமையாக மூடிவிட்டுத்தான் தொடங்கும். அணைத்துத் திறப்பதைவிட ரீஸ்டார்ட் தூய்மையானது என்று சொன்னால் என் அலுவலக நண்பர்கள் இன்றும் சிரிக்கிறார்கள்.

லினக்ஸில் அந்தப் பார்டிஷன்களைத் திறக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி இந்த ஹைபர்ஃபில் கோப்பின் முதல் நான்கு எழுத்துகளைப் பார்த்து, விண்டோஸ் உறங்குகிறது என்று தெரிந்தால் எழுத மறுத்துவிடும். நாம் இத்தனை நாள் எக்ஸ்ட்4இல் இல்லையே என்று ஏங்கும் அதே சோதனைதான். அதைத் திட்டிவிட்டு, ரிமூவ்ஹைபர்ஃபைல் விருப்பத்தைப் போட்டு மவுண்ட் செய்யலாம். உறங்கும் விண்டோஸின் படிமம் அழியும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் படிமம் என்றால் அடுத்த முறை சற்று மெதுவாகத் தொடங்கும், அவ்வளவே. உண்மையான ஹைபர்னேட் என்றால் சேமிக்காத வேலை போகும்.

என் வழி இன்னும் எளிது. நிர்வாகி உரிமையோடு பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டையே ஆஃப் செய்துவிட்டேன். சி டிரைவில் சில ஜிபி இடமும் மிச்சமானது.

மார்ச் 2, சனி, இரவு 10.40

வெளி வட்டுகளை இதுவரை மறந்தே போனோம். மடிக்கணினியை ஹைபர்னேட் செய்தபோது பென்டிரைவ் செருகியே இருந்தது. அதை உருவிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்; கடைப் பையன் அழைப்பிதழின் பிடிஎஃப்பைத் திறந்து, எழுத்துரு சரியில்லை என்று வேறு வடிவில் அதே பென்டிரைவில் சேமித்து அச்சிட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பென்டிரைவைச் செருகிவிட்டு மடிக்கணினியை எழுப்பினேன். லினக்ஸ் அதை மகிழ்ச்சியோடு அடையாளம் கண்டுகொண்டது. தயாரிப்பாளர் எண்ணும் வரிசை எண்ணும் ஒத்துப்போனால் அதே கருவிதான் என்று கருதி, உறங்குமுன் இருந்த மவுண்டைத் தொடரும் ஏற்பாடு யுஎஸ்பி அடுக்கில் இருக்கிறது. உள்ளடக்கம் மாறியதா என்று அதனால் அறிய முடியாது. ஆவணம் அதையும் ஒளிக்காமல் சொல்கிறது.

பென்டிரைவின் கோப்பு முறைமையான எஃப்ஏடி32இல் ஜர்னல் இல்லை, எந்த கிளஸ்டர் (அங்கே பிளாக்குக்குப் பெயர்) யாருடையது என்ற ஓர் அட்டவணைதான். அதன் பழைய பிரதி என் நினைவகத்தில். அன்றிரவு சில படங்களை அதில் நகலெடுத்தேன். மறுநாள் ஒரு படத்தைத் திறந்தால் மேல் பாதியில் என் தங்கை மகள், கீழ்ப் பாதி வெறும் சாம்பல் பட்டை. அழைப்பிதழோ திறக்கவே இல்லை. நல்லவேளையாக அச்சாகிவிட்டிருந்தது.

உருவ வேண்டும் என்று தெரிந்தால் முதலில் எஜெக்ட் கொடுத்துவிட்டு ஹைபர்னேட் செய்வதே வழி. வெறும் ஸ்லீப் செய்யும்போதும் இது பொருந்தும். படிமம் ஸ்வாப்பில் இருந்தாலென்ன, நினைவகத்திலேயே இருந்தாலென்ன.

மார்ச் 9, சனி, காலை 11.00

மேலே எழுதியவற்றைப் படித்துவிட்டு, என் லினக்ஸும் விண்டோஸும் எந்தப் பார்டிஷனையும் பகிர்ந்துகொள்வதில்லை, ஆகவே லினக்ஸை உறங்க வைத்துவிட்டு விண்டோஸைத் தொடங்கினால் ஆபத்தில்லை என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறீர்கள்: கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்டிஷன். அது எஃப்ஏடி32. பெரும்பாலான லினக்ஸ் நிறுவல்களில் பூட் கோப்புறைக்குக் கீழே அது எப்போதும் மவுண்ட் ஆகியிருக்கும். விண்டோஸ் புதுப்பிப்பு தன் பூட் கோப்புகளை அதில் எழுதலாம். உறங்கி எழுந்த லினக்ஸ், பின்னொரு நாள், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப்புக்குப் புதுப்பிப்பு வரும்போது, பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு அதே இடத்தில் எழுதும். தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் ஆகும்படி மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் மாற்றிவிட்டேன்.

இதை எழுதும்போது இன்னொரு நெருடல். படிமத்தை எழுப்பும் முன் வட்டில் யாருமே எழுதக் கூடாது என்கிறோம். கிரப்பே எழுதுகிறதே! கடைசியாகத் தேர்ந்தெடுத்த பதிவு, போன முறை பூட் வெற்றியா என்ற விவரம் ஆகியவற்றைக் கிரப்என்வ் என்ற சிறு கோப்பில் அது குறித்து வைக்கிறது, கர்னல் தொடங்குவதற்கும் முன்பே. ஒரு மணிநேரம் கவலைப்பட்டுவிட்டுப் படித்துப் பார்த்தேன். அந்தக் கோப்பு முன்கூட்டியே 1024 பைட்டாக உருவாக்கப்பட்டது; கிரப் புதிய இடம் எதையும் ஒதுக்குவதில்லை, இருக்கும் பிளாக்கின் மேலேயே எழுதுகிறது. பிட்மேப் மாறுவதில்லை, ஐநோட் மாறுவதில்லை. எழுந்த கர்னலின் கேஷில் அந்தக் கோப்பின் பழைய எழுத்து இருக்கலாம். அதனால் குடி முழுகாது. பிடிஆர்எஃப்எஸ் போல ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்திருக்கும் கோப்பு முறைமையில் கிரப் இப்படி எழுதுவதே இல்லை.

ஸ்வாப் கோப்பிலிருந்து எழுப்புவதற்கு ஏன் ரெஸ்யூம்ஆஃப்செட் என்று ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஆகாதா என்ற பழைய கேள்விக்கும் விடை இங்கேதான். பெயரால் தேட வேண்டுமானால் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய வேண்டும். மவுண்ட் செய்தால் ஜர்னல் ஓடும், அநாதைகள் போவார்கள். பிறகு எழுப்புவதற்குத் தகுதியான படிமம் ஏது? ஆகவே இத்தனையாவது பிளாக்கிலிருந்து தொடங்கு என்று வட்டின் முகவரியையே நேராகச் சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் முதலில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் மீட்பு முயற்சி ரூட் மவுண்டுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

மார்ச் 10, ஞாயிறு, காலை 8.30

செட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை பற்றிக் கேட்டவருக்கு: நான் அதில் ஹைபர்னேட் செய்ய மாட்டேன். நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டில் செட்எஃப்எஸ் இருந்தால் ஹைபர்னேட் இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றால் தனியாக அனுமதிக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இதே தவற்றைச் செய்தால் மாற்றங்களின் வரிசை எண்ணான டிரான்ஸ்ஐடி பொருந்தவில்லை என்று அது மிக விரைவில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்கும், ஆனால் சரிசெய்யாது. சில நேரம் மவுண்டே ஆகாது.

மார்ச் 24, ஞாயிறு, இரவு 9.00

கேட்டவர் எஃப்எஸ்சிகே பதிவை அனுப்பியிருக்கிறார். ஒரே பிளாக்கைப் பகிர்ந்த கோப்புகள் 31. அதில் 19 பிரவுசரின் கேஷ், 8 மென்பொருள் தொகுப்புகளின் ஆவணங்கள்; அவற்றை மீண்டும் நிறுவினால் போதும். மீதி நான்கும் அவருடைய வங்கிக் கணக்கு விவரங்கள். வங்கித் தளத்திலிருந்து திரும்ப இறக்கிக்கொண்டாராம். எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் விவரத்தில் ஒரு பிழையும் இல்லை. கர்னல் பதிவில் நான் 13ஆம் தேதி எழுதிய வரி அப்படியே இருக்கிறது, நேரம் பிப்ரவரி 11 மாலை 5.38, பிரவுசரை மூடியது ஐந்தரை மணிவாக்கில் என்று அவரே சொல்கிறார்.

ஹைபர்னேட்டையே விட்டுவிடலாமா என்று கேட்கிறார். நான் விடவில்லை, இன்றிரவும் செய்யப்போகிறேன். புதுப்பிப்பு ஓட்டிய நாளில் மட்டும் ஹைபர்னேட் செய்யாமல் மறுதொடக்கம் செய்கிறேன். லைவ் பென்டிரைவின் மேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, முதலில் பிஎல்கேஐடி என்று எழுதி வைத்திருக்கிறேன். மை அழிந்துவருகிறது, நாளை மறுபடி எழுத வேண்டும்.